குளவிக்கு எப்படித் தெரிகிறது? கேட்டதும் சொன்னதும்

நெல்லிக்குப்பம் கரும்பு விவசாயி: ஐயா, ஒட்டுண்ணிக் குளவி வளரும் முட்டைகள் ஒட்டிய காகித அட்டையைத் தோகையில் கட்டியிருக்கிறேன். அரை மில்லிமீட்டர் குளவி, இத்தனை பெரிய கொல்லையில் கரும்பைத் துளைக்கும் இடைக்கணுப் புழுவின் முட்டையை எப்படிக் கண்டுபிடிக்கும்?

வாசனைதான் தம்பி வழிகாட்டி. தாய் அந்துப்பூச்சி முட்டையிடும்போது அதன் இறகுச் செதில் தூளாக உதிர்ந்து தோகையில் ஒட்டிக்கொள்ளும். அந்தத் தூளில் கால் பட்டதும் ட்ரைக்கோகிரம்மா என்ற இந்தக் குளவியின் நடையே மாறிவிடும். வேகம் குறைந்து, அதே இடத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றும். முட்டை அகப்பட்டதும் மேலே ஏறி, உணர்கொம்பால் தட்டிக்கொண்டே நடக்கும். லென்சில் ஒருமுறை பாருங்கள், கண்ணை எடுக்க மனசு வராது. குறுக்கே நடந்து கடக்க ஆகும் நேரத்தை வைத்தே முட்டையின் பருமனை அளந்துவிடும். உள்ளே எத்தனை குஞ்சு வளர இடமுண்டோ, அத்தனை முட்டைதான் இடும்.

பாகூர்: வேறு குளவி அதில் ஏற்கெனவே முட்டை வைத்திருந்தால்?

முதலில் வந்தது தன் மணத்தை விட்டுப் போயிருக்கும். அடுத்தது மோந்துவிட்டுப் பெரும்பாலும் விலகிவிடும். வேறு முட்டையே கிடைக்காத பஞ்சத்தில் அதிலேயே வைப்பதும் உண்டு. குளவி வளரும் முட்டை நான்கு நாளில் கறுத்துவிடும். கரும்பில் கட்டும் அட்டை கறுப்பாக இருப்பதும் அதனால்தான்.

வில்லியனூர்: பப்பாளி மாவுப்பூச்சிக்கும் குளவி விட்டார்களே?

ஆமாம், 2010-ல் போர்ட்டோ ரிகோவிலிருந்து வந்த அசெரோபேகஸ் பப்பாயே. அது மாவுப்பூச்சியின் இரண்டாம் பருவக் குஞ்சைத்தான் அதிகம் விரும்பும். இவ்வகைக் குளவிகள் பொதுவாகச் சிறிய பூச்சியில் ஆணையும் பெரியதில் பெண்ணையும் வைக்கும். முட்டையில் விந்து சேர்த்தால் பெண், சேர்க்காவிட்டால் ஆண். அது தாயின் கையில்.

புதுச்சேரி மாடித்தோட்டக்காரர்: செடியில் ஒரு புழுவின் மேல் வெள்ளையாக, அரிசி மாதிரி ஒட்டியிருக்கிறது. நசுக்கிவிடட்டுமா?

வேண்டவே வேண்டாம் அம்மா! அது குளவிக் கூடு. புழு கடித்த செடி தனி வாசனை விடும், அதைப் பிடித்துக்கொண்டு வந்த குளவி அது. மக்காச்சோள நாற்றில் 1990-லேயே இதை நிரூபித்திருக்கிறார்கள். புழுவின் எச்சில் பட்டால்தான் அந்த வாசனை பலமாக எழும், வெறும் கத்தரிக்கோல் வெட்டுக்கு அப்படி வராது.

நெல்லிக்குப்பம் விவசாயி: அட்டை கட்டின மறுநாள் மருந்து அடிக்கலாமா?

அடித்தால் குளவிதான் முதலில் சாகும். கரும்புக்கு நாலாம் மாதத்திலிருந்து 15 நாளுக்கு ஒருமுறை, ஆறு தடவை கட்டுங்கள். எறும்பு ஏறாத தோகையாகப் பார்த்து, இலையின் கீழ்ப்புறமாகக் கட்டுங்கள்.