கரும்புக் கணக்கு எழுதியவர் நாடாண்ட கதை

கேள்வி: சரித்திரப் பேராசிரியர் ஒருவர் கட்சி தொடங்கி, புதிதாகச் சுதந்திரம் பெற்ற நாட்டின் முதல் பிரதமரானதாக என் கல்லூரி ஆசிரியர் சொன்னார். அவர் யார்? படித்த சரித்திரம் பதவியில் அவருக்கு உதவியதா?
– வாசகி ஒருவர், கும்பகோணம்

பதில்: உங்கள் ஆசிரியர் குறிப்பிட்டவர் வெஸ்ட் இண்டீஸ் தீவுகளில் ஒன்றான டிரினிடாடின் எரிக் வில்லியம்ஸாக இருக்க வேண்டும். அஞ்சல் ஊழியரின் மகனாக 1911-இல் பிறந்து, உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டு சென்று, 1938-இல் முனைவர் பட்டம் பெற்றவர். அந்த ஆய்வை விரித்து, முதலாளித்துவத்துக்கும் அடிமைமுறைக்கும் உள்ள உறவைப் பற்றி 1944-இல் அமெரிக்காவில் ஒரு நூல் வெளியிட்டார். பிரிட்டன் அடிமை வாணிகத்தை 1807-லும் அடிமைமுறையை 1833-லும் சட்டமியற்றி ஒழித்ததற்குக் கருணையைவிட, சர்க்கரைத் தோட்டங்களில் லாபம் வற்றிப்போனதே பெரிய காரணம் என்பது அவர் வாதம். ஆய்வாளர்களின் சண்டை இன்னும் ஓயவில்லை. பிரிட்டனில் அந்நூல் அச்சேற 1964 வரை ஆயிற்று. அதற்குள் நூலாசிரியர் பிரதமராகியிருந்தார்!

அத்தீவுகளை ஆண்ட வல்லரசுகள் அவற்றின் மேம்பாட்டுக்காக அமைத்திருந்த கரீபியன் ஆணையத்தில் அவர் பார்த்த வேலை 1955-இல் போயிற்று. தலைநகரின் உட்ஃபோர்டு சதுக்கத்துக்கு வந்தார். நம் தஞ்சைத் திலகர் திடலில் மாலைக் கூட்டத்துக்குத் திரண்டவர்களிடம், கறுப்புக் கண்ணாடியும் காதுக் கருவியும் அணிந்த ஒருவர், வசைபாடாமல், அரசியல் சட்டத்தையும் அடிமைகளின் வரலாற்றையும் வகுப்பெடுப்பதுபோல் மணிக்கணக்கில் விளக்கினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் அந்தப் பூங்காவுக்குப் 'பல்கலைக்கழகம்' என்ற பெயர் வந்தது. 1956 ஜனவரியில் கட்சி. செப்டம்பர் தேர்தலில் 24 இடங்களில் 13. 1962 ஆகஸ்ட் 31-இல் சுதந்திரம். 1981-இல் இறக்கும்வரை அவரே பிரதமர்.

உதவியதா என்றால், திடலில் உதவிய அளவுக்கு நாற்காலியில் உதவவில்லை என்பேன். பள்ளியில் அவருக்குப் பாடம் சொன்ன சி. எல். ஆர். ஜேம்ஸ், பின்னர் அவருடைய கட்சிப் பத்திரிகையை நடத்தி, மனக்கசப்பில் விலகியவர். 1965-இல் கரும்புத் தொழிலாளர் போராட்டத்தையொட்டி நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டபோது, கிரிக்கெட் செய்தியாளராக ஊருக்கு வந்திருந்த அந்த ஆசிரியரையே மாணவரின் அரசு வீட்டுக்காவலில் வைத்தது. கரும்புத் தோட்டத்தின் கணக்கை உலகுக்குப் படித்துக் காட்டியவரின் ஆட்சியில் இது நடந்தது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

கேள்வி: அந்த நாட்டில் நம்மவர்கள் உண்டா?
– வாசகர் ஒருவர், காரைக்கால்

பதில்: உண்டு. அடிமைகள் விடுதலையான பின் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்ததால், 1845 முதல் 1917 வரை சுமார் 1,44,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கொண்டுசெல்லப்பட்டனர். பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பலேறிய வட இந்தியர். சென்னையில் ஏறிய சிறு பகுதியினருக்கு 'மதராசி' என்று பெயர், அவர்களுடைய மாரியம்மன் வழிபாடு இன்றும் இருக்கிறது. உங்கள் காரைக்காலில் ஏற்றப்பட்டவர்களோ குவாதலூப், மார்த்தினிக் முதலிய பிரெஞ்சுத் தீவுகளுக்குப் போனார்கள்.

வெஸ்ட் இண்டீஸின் பிரிட்டிஷ் தீவுகள் பல சேர்ந்து அமைத்த கூட்டாட்சிக்கு 1958-இல் நடந்த தேர்தலில் தம் கட்சி தோற்றதும், எதிர்த்து வாக்களித்த இந்திய வம்சாவளியினரை, அடங்காத, பகைமை கொண்ட சிறுபான்மையினர் என்று வில்லியம்ஸ் மேடையில் சாடினார். நான்கு ஆண்டு கழித்துச் சுதந்திரத்தையொட்டி எழுதிய நாட்டு வரலாற்றில், இந்தியத் தாயும் இல்லை, ஆப்பிரிக்கத் தாயும் இல்லை, எல்லோருக்கும் இந்நாடே தாய் என்றார். தோட்டத்து மக்கள் முதலில் கேட்ட பேச்சை மறக்கவில்லை.