உரசாமல் மாற்று பார்க்க முடியுமா?

கேள்வி: காரைக்குடி நகைக்கடைகளில் இப்போது உரைகல்லைத் தேடுவதில்லை. சங்கிலியை மெஷினுக்குள் வைத்தால் எத்தனை காரட் என்று அதுவே சொல்லிவிடுகிறது. யுரேனியத்தையும் டப்பாவைத் திறக்காமலே அப்படி ரகம் பார்க்கலாம் என்கிறான் என் பேரன். இரண்டும் ஒரே மெஷின்தானா?
– வாசகி, தேவகோட்டை

பதில்: இல்லை ஆச்சி. நகைக்கடை மெஷின் எக்ஸ்ரே அடித்து, அணுவின் எலக்ட்ரான்கள் தரும் பதிலைப் படிக்கிறது. தங்கம் எது, செம்பு எது என்று அதற்குத் தெரியும். யுரேனியத்தில் 235, 238 என்று முக்கியமாக இரண்டு வகை; 235-இன் பங்கு எவ்வளவு என்பதுதான் உங்கள் பேரன் சொல்லும் ரகம். இரண்டு வகைக்கும் எலக்ட்ரான் கணக்கு ஒன்றே. அதன் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். வித்தியாசம் அணுக்கருவில் இருக்கிறது. அங்கிருந்து தானாக வரும் காமா கதிரைப் பிடிக்க வேண்டும்.

கல்பாக்கத்தில் நான் அந்த வேலைதான் பார்த்தேன். கதிரைப் பிடிக்கும் ஜெர்மானியம் என்ற தனிமத்தின் படிகத்தைத் திரவ நைட்ரஜன் ஊற்றி மைனஸ் 196 டிகிரிப் பக்கம் வைத்திருப்போம். ஒவ்வொரு காமா கதிரும் அதன் ஆற்றலுக்கேற்ற இடத்தில் வரைபடத்தில் ஒரு கோடாக எழும்; குளிர்ந்தால்தான் அந்தக் கோடுகள் கூர்மையாகப் பிரியும். யுரேனியம் 235-இன் கோடு 186 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் தெளிவாக எழும். 238 கூச்சக்காரப் பாட்டி. அவள் பேச்சு நமக்கு எட்டாது, அவள் சிதைவதால் பிறக்கும் பேத்தி புரோட்டாக்டினியம்தான் 1001-இல் பேசுவாள். இரண்டு கோடுகளையும் ஒப்பிட்டால் விகிதம் வந்துவிடும். ஆனால் பலம் குறைந்த கதிரை டப்பாச் சுவர் அதிகமாக விழுங்கும். 235-க்கே 144, 163, 205-இலும் கோடுகள் உண்டு. அவை எந்த அளவில் வர வேண்டும் என்பது தெரிந்ததால், எவ்வளவு விழுங்கியது என்று அங்கேயே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பேத்தியை நம்புவதில் ஒரு சிக்கல். புதிதாகச் சுத்தம் செய்த யுரேனியத்தில் அவள் இன்னும் பிறந்திருக்க மாட்டாள். பாட்டிக்கும் பேத்திக்கும் நடுவிலுள்ள தோரியத்தின் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், 24 நாள். நாலைந்து மாதம் பொறுக்க வேண்டும். அவசரப்பட்டால் 238 குறைவாகத் தெரிந்து, சரக்கில் 235 உள்ளதைவிட அதிகமாக இருப்பதாகக் காட்டும்.

இன்னொன்று நகைக்கடைக்கும் பொது. 186 கோடு யுரேனிய உலோகத்துக்குள்ளிருந்து சில மில்லிமீட்டருக்கு மேல் வெளியே வராது. முலாம் பூசிய சங்கிலி மெஷினை ஏமாற்றுகிற மாதிரிதான். மேலே ஒன்று, உள்ளே ஒன்று என்றால் இதுவும் ஏமாறும். அதனால் எடையும் போடுவோம், நியூட்ரானும் எண்ணுவோம்.

கேள்வி: எங்கள் வீட்டுக் கருங்கல் தூணிலும் யுரேனியம் உண்டாமே?
– அதே வாசகி

பதில்: உண்டு, டன்னுக்குச் சில கிராம். அங்கே 186 கோட்டைப் பார்த்து நான் ஏமாற மாட்டேன். 238-இன் வம்சத்தில் வரும் ரேடியமும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் பேசும்; பாதிக்கு மேல் அதன் குரல்தான் அது. தாராளமாகச் சாய்ந்து உட்காருங்கள்.