ஸ்ரெப்ரெனிசாவும் மரபணுவும் – ஒரு கடிதம்

வணக்கம் ஐயா,

யாழ்ப்பாணத்துச் செம்மணிப் புதைகுழி அகழ்வு பற்றிய குறிப்பில் "பொஸ்னியாவில் என்ன செய்தார்கள் என்று பார்க்க வேண்டும்" என்று ஒரு வரி எழுதி நிறுத்திவிட்டீர்கள். அம்மாவுக்கு இப்போது 76 வயது. அவரின் தம்பி 1996 இல் யாழ்ப்பாணத்தில் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர், கலியாணம் ஆகாதவர். அம்மம்மாவும் தாத்தாவும் காலமாகிவிட்டார்கள். ஒரு சித்தி ஊரில் இருக்கிறார், ஒரு மாமா ஜெர்மனியில். செய்தி பார்க்கும்போதெல்லாம் அம்மா கேட்பது ஒன்றுதான்: "எலும்பு கிடைச்சிட்டுது, இனி டி.என்.ஏ. பார்த்து ஆளைச் சொல்லலாம்தானே?" சொல்லலாமா? பொஸ்னியாவில் இப்படிக் கண்டுபிடித்ததால் இரு பகுதிக்கும் இடையில் சமாதானம் வந்ததா? பிள்ளைகள் வாங்கித் தந்த வம்சாவளிச் சோதனை கிட் ஒன்று வீட்டில் இருக்கிறது, அது உதவுமா?

த., ஸ்காபரோ

அன்புள்ள த.,

எலும்பு கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. மறுபாதி அம்மாவின் விரல் நுனியில் இருக்கிறது. எலும்பிலிருந்து வரும் மரபணு வெறும் எண்களின் வரிசைதான். அதை ஒப்பிட்டுப் பார்க்க உயிரோடிருக்கும் உறவினரின் எண்கள் இல்லாவிட்டால், அது பெட்டிக்குள்ளேயே கிடக்கும். பொஸ்னியா இதைத் தாமதமாகத்தான் கற்றது.

1995 ஜூலையில் கிழக்குப் பொஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிசா நகர் பொஸ்னிய செர்பியப் படைகளிடம் விழுந்த பின், 8,000-க்கும் மேற்பட்ட பொஸ்னிய முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். ஆகஸ்டில் அமெரிக்கா புதைகுழிகளைக் காட்டும் வான்படங்களை ஐ.நா. பாதுகாப்புச் சபையில் காட்டியது. அதன்பின் செப்டம்பர், ஒக்டோபர் மாதங்களில் கொன்றவர்கள் மண் அள்ளும் பெக்கோ இயந்திரங்களைக் கொண்டுவந்து முதல் குழிகளைத் தோண்டினார்கள். உடல்களை லொறிகளில் ஏற்றிப் பல கிலோமீட்டர் தள்ளி, சிறு சிறு குழிகளில் கொட்டினார்கள். இயந்திரத்தின் வாளி உடலை முழுதாக அள்ளாது, வெட்டி அள்ளும். அதனால் ஒரே மனிதரின் எலும்புகள் நான்கைந்து குழிகளில் கிடைத்த சம்பவங்கள் உண்டு. எந்தக் குழியிலிருந்து எந்தக் குழிக்கு மாற்றினார்கள் என்பதை மண், மகரந்தம், தோட்டாக் கோதுகள் ஆகியவற்றைக் கொண்டு நிறுவினார்கள். கொஸ்லுக் என்ற இடத்தில் முதல் குழி இருந்த நிலத்தில் ஒரு போத்தல் தொழிற்சாலையின் உடைந்த பச்சைக் கண்ணாடி குவிந்து கிடந்தது. அதே கண்ணாடித் துண்டுகள் சான்சாரி வீதியோரத்து இரண்டாம் குழியில் எலும்புகளோடு கலந்து வந்தன. அகழ்பவர்கள் மண்ணைச் சல்லடையில் அரிக்காமல் எலும்பை மட்டும் பொறுக்கியிருந்தால் அந்தத் தொடர்பு அறுந்துபோயிருக்கும்.

முதல் ஐந்தாறு ஆண்டுகள் பழைய முறையில்தான் பார்த்தார்கள்: உடை, பல், உயரம், பழைய எலும்பு முறிவு. சர்வதேச செஞ்சிலுவைக் குழு உடல்களோடு கிடைத்த உடைகளையும் பொருட்களையும் படமெடுத்துப் புத்தகமாக்கிக் குடும்பங்களுக்குக் காட்டியது. பெண்கள் தங்கள் கையால் போட்ட ஒட்டுத்தையலைப் படத்தில் அடையாளம் கண்டார்கள். ஆனால் முற்றுகைக் காலத்தில் ஆண்கள் சட்டையையும் சப்பாத்தையும் மாற்றி மாற்றி அணிந்தவர்கள். நிவாரணமாக வந்ததோ ஒரே மாதிரி உடுப்பு. 2001 வரை ஸ்ரெப்ரெனிசாவில் பெயர் சொல்ல முடிந்தவர்கள் மிகச் சிலரே. பிணவறைகளிலோ ஆயிரக்கணக்கான பைகள். 2025 ஆகஸ்ட் 5 அன்று செம்மணியில் கிடைத்த பொருட்களை மக்கள் பார்வைக்கு வைத்தபோது பலர் இதுதான் அடையாளம் காணும் முறை என்று நினைத்தார்கள். உடையும் புத்தகப்பையும் துப்புத்தான், சான்றல்ல. துப்பைச் சான்றாக்கினால் வரும் கேடு பெரியது. ஒரு குடும்பம் வேறொருவரை அடக்கம் செய்துவிட்டு "எங்களுடையவர் கிடைத்துவிட்டார்" என்று இரத்தம் கொடுக்காமல் விட்டுவிடும். அவர்களின் உண்மையான பிள்ளை பிணவறையில் பெயரின்றிக் கிடப்பான். அடக்கமானவரின் தாயோ இன்னும் தேடிக்கொண்டிருப்பாள். பொஸ்னியாவில் 1990-களில் பழைய முறையில் ஏறக்குறைய 8,000 பேரை அடையாளம் கண்டார்கள். இன்று பிணவறைகளில் எவரோடும் பொருந்தாமல் கிடக்கும் எலும்புகளில் ஒரு பகுதி அந்தத் தவறுகளின் மிச்சம்.

திருப்பத்தைக் கொண்டுவந்தது காணாமற்போனோருக்கான சர்வதேச ஆணைக்குழு. 1996 இல் லியோன் ஜி-7 மாநாட்டில் தொடங்கப்பட்ட அமைப்பு அது. சில பிணங்களுக்கு மட்டும் கடைசியில் மரபணுச் சோதனை என்ற வழக்கத்தைத் தலைகீழாக்கி, எல்லா எலும்புக்கும் முதலில் மரபணு, பிறகு மற்றவை என்றார்கள். அதற்காகக் குடும்பங்களிடம் இரத்தம் சேர்க்கத் தொடங்கினார்கள். ஸ்ரெப்ரெனிசாவுக்கு மட்டும் 22,000-க்கும் மேற்பட்ட உறவினர்கள் கொடுத்தார்கள், அதாவது காணாமற்போன ஒருவருக்கு ஏறக்குறைய மூன்று பேர். அகதிகளாகப் போனவர்களைத் தேடி அமெரிக்காவுக்கும் ஐரோப்பிய நாடுகளுக்கும் ஆட்கள் போனார்கள். முதல் பொருத்தம் 2001 நவம்பரில் வந்தது, ஒரு சிறுவனுக்கு. இன்று அந்த எண்ணிக்கை 7,000-ஐ நெருங்கி நிற்கிறது.

எடுக்கும் முறை எளிது. விரலில் குத்தி, நான்கு சொட்டு இரத்தத்தை வடிதாள் அட்டையில் விழ விட்டு, நிழலில் உலர்த்துவார்கள். பெயருக்குப் பதில் பார்கோடு. குடும்பம் கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்தில், அடையாளம் காண்பதற்கு மட்டுமே பயன்படும் என்ற உறுதி இருக்கும். எலும்பின் பக்கம் வேலை கடினம். தொடை எலும்பின் நடுப்பகுதி அல்லது பழுதில்லாத கடைவாய்ப் பல் சிறந்தது, மற்ற எலும்புகள் சிலவேளை ஏமாற்றும். சில கிராம் வெட்டி, மேற்பரப்பைச் சுரண்டி, வெளுப்பு நீரில் கழுவி, பொடியாக்கி, சுண்ணாம்புச் சத்தைக் கரைத்து எடுத்த பிறகுதான் மரபணு வெளிவரும். அதில் ஆளுக்கு ஆள் மாறுபடும் பதினைந்துக்கும் மேற்பட்ட இடங்களைப் படித்து, இரத்தத் திரட்டோடு கணினியில் ஒப்பிடுவார்கள். நிச்சயம் 99.95 சதவீதத்தைத் தாண்டினால்தான் அறிக்கை. கையுறையில்லாமல் தொட்டவரின் வியர்வை, ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டியதால் பிடித்த பூஞ்சணம், இவையெல்லாம் ஒரு மாதிரியைக் கெடுத்துவிடும். காற்றுப் புகும் காகிதப் பைதான் சரி. பொஸ்னியாவின் குளிர் மண் மரபணுவைக் காத்துக் கொடுத்தது. எங்கள் வெப்பமும் ஈரமும் அவ்வளவு தயவு காட்டாது. ஆகவே பொஸ்னிய விகிதத்தை அப்படியே எதிர்பார்க்க வேண்டாம் என்று அம்மாவுக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.

இனி உங்கள் குடும்பக் கணக்கு. தாயும் தகப்பனும் இருந்திருந்தால் இருவரின் இரத்தமே போதும். அவர்கள் இல்லாதபோது உடன்பிறந்தோரைக் கொண்டு பெற்றோரின் மரபணுவைத் திருப்பிக் கட்ட வேண்டும். ஒரு பிள்ளையிடம் பெற்றோரின் மரபணுவில் பாதி இருக்கும். இரண்டு பிள்ளைகளைச் சேர்த்தால் சராசரியாக முக்கால், மூவரைச் சேர்த்தால் எட்டில் ஏழு. அம்மா மட்டும் கொடுத்தால் "இருக்கலாம்" என்றுதான் பதில் வரும். சித்தியும் ஜெர்மனி மாமாவும் சேர்ந்தால் அது "இவர்தான்" ஆக மாறக்கூடும். இழைமணி (மைட்டோகொண்ட்ரியா) மரபணு தாய்வழி வருவது என்பதால் உங்கள் இரத்தத்திலும் காணாமற்போன மாமாவுடையது அப்படியே இருக்கிறது, ஆனால் ஊரில் தாய்வழிச் சொந்தம் எல்லாருக்கும் அது ஒன்றே, துணைக்கு மட்டும் உதவும். தந்தைவழி வரும் ஒய் நிறமூர்த்தம் (குரோமோசோம்) ஜெர்மனி மாமாவிடம்தான் உண்டு. மச்சான் மச்சாள் கலியாணம் வழிவழியாக நடந்த குடும்பமென்றால் அதையும் படிவத்தில் எழுதுங்கள், கணக்குப் போடுபவருக்கு அது தெரிந்தாக வேண்டும். கலியாணமானவர் காணாமற்போயிருந்தால் பிள்ளைகளோடு மனைவியின் இரத்தமும் கேட்பார்கள். இரத்த உறவு இல்லாதவர்தான், ஆனால் பிள்ளையில் எந்தப் பாதி தாயினுடையது என்று கழித்துவிட அது தேவை.

மரபணு கைவிரிக்கும் இடமும் ஒன்று உண்டு. பிள்ளையில்லாத இரு சகோதரர்கள் சேர்ந்தே காணாமற்போனால், பெற்றோரின் இரத்தம் "இந்தக் குடும்பத்துப் பிள்ளை" என்று மட்டும் சொல்லும், மூத்தவனா இளையவனா என்று சொல்லாது. ஸ்ரெப்ரெனிசாவில் இப்படிப் பல வீடுகள். அங்கே எலும்பின் வயதையும் உயரத்தையும் பல்லையும் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். எனவே காணாமற்போன மாமா பற்றிய விபரங்களும் வேண்டும்: பிறந்த ஆண்டு, உயரம், விழுந்து முறிந்த கை, பிடுங்கிய பல், கடைசியாகக் கண்ட இடம், அன்று போட்டிருந்த உடுப்பு. பல் தெரியச் சிரிக்கும் படம் ஒன்று இருந்தால் அது பத்துப் படத்துக்குச் சமம்.

எங்கள் ஆட்கள் யோசிக்காத ஒன்று இருக்கிறது. அடக்கம் செய்யப்பட்ட தாயிடமிருந்து, வேறு வழியே இல்லாதபோது, குடும்பத்தின் சம்மதத்தோடு எலும்பு மாதிரி எடுக்கலாம். தகனம் செய்தவரிடம் அந்த வழியும் இல்லை, எரியூட்டிய சாம்பலில் மரபணு மிஞ்சாது. இருபது முப்பது ஆண்டுகளாகத் தெருவில் படத்தோடு நிற்கும் தாய்மாரில் ஒவ்வொருவரும் போகும்போது ஒரு குடும்பத்தின் மிகச் சிறந்த மாதிரியும் சுடலைக்குப் போகிறது. 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தால் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் வந்தது. புதைகுழிகள் ஒவ்வொன்றாகத் திறக்கப்படுகின்றன. செம்மணியில் மட்டும் 200-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். பொஸ்னியா போல ஒரு முழு இரத்தத் திரட்டு மட்டும் இலங்கையில் நடந்ததில்லை. என் கணிப்பில் இது அகழ்வதைவிட அவசரம். எலும்பு மண்ணில் இன்னும் பத்து ஆண்டு பொறுக்கும், 80 வயதுத் தாய் பொறுக்கமாட்டார்.

மன்னார் சதொச கடை வளவில் கிடைத்த புதைகுழியை வைத்துச் சிலர் குழப்புவதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே 300-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் கிடைத்தன. ஆறு மாதிரிகள் புளோரிடாவுக்குப் போய், 2019 இல் 1404-க்கும் 1635-க்கும் இடைப்பட்டவை என்று முடிவு வந்தது. அது காலக் கணிப்பு, ஆள் அடையாளம் அல்ல. ஆறு மாதிரிகளின் வயது அந்தக் குழியின் எல்லா அடுக்குக்கும் பொருந்துமா என்பது தனிக் கேள்வி. 1950-களின் அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கூடிய கதிர்க்கரி (ரேடியோகார்பன்), அதன்பின் வாழ்ந்தவர்களின் உடலில் படிந்திருக்கும். ஆகவே அண்மைக்கால எலும்பையும் பழையதையும் பிரிக்க நல்ல வழி இருக்கிறது, மாதிரியை ஒழுங்காகத் தேர்ந்தால்.

சமாதானம் வந்ததா என்று கேட்டீர்கள். வரவில்லை. 2004 இல் ஸ்ரெப்ரெனிசாக் கொலைகளை ஒப்புக்கொண்ட தங்கள் சொந்த ஆணைக்குழு அறிக்கையை, 2018 இல் பொஸ்னியாவுக்குள்ளேயே இருக்கும் செர்பியர் பிரதேசமான ஸ்ர்ப்ஸ்கா குடியரசின் நாடாளுமன்றமே மறுதலித்தது. கொன்றவர்களின் படம் இன்றும் சில சுவர்களில் இருக்கிறது. வந்தது வேறொன்று. முன்பு பொஸ்னியாக்கள் (பொஸ்னிய முஸ்லிம்கள்), குரோவாசியர், செர்பியர் ஆகிய மூன்று தரப்பும் தனித்தனி ஆணைக்குழு வைத்துத் தங்கள் பிணங்களை மட்டும் தேடின, மற்றவர் எண்ணிக்கையைப் பொய் என்றன. 2004 இல் காணாமற்போனோர் சட்டம் வந்தது. பின்னர் மூன்றும் ஒரே நிறுவனத்தில் இணைந்தன, குடும்பங்களின் சங்கங்கள் அதில் ஆலோசனை சொல்லும் இடத்தில் உட்கார்ந்தன. பார்கோடு போட்ட எலும்புக்கு எந்த இனமென்று ஆய்வுகூடத்தில் எவருக்கும் தெரியாது. "எண்ணிக்கை ஊதப்பட்டது" என்று மேடையில் சொல்லலாம், நீதிமன்றத்தில் நிற்காது, பெயர் பெயராக எதிரே அறிக்கை இருக்கும். நல்லிணக்கம் என்ற சொல்லை நிதி வழங்குபவர்கள் விரும்புகிறார்கள், அந்தத் தாய்மார் அவ்வளவாகப் பயன்படுத்துவதில்லை. அதே சட்டம் குடும்பங்களுக்கென ஒரு நிதியத்தை அமைக்கச் சொன்னது. செலவை யார் எவ்வளவு ஏற்பது என்ற இழுபறியில் அது அமையவே இல்லை.

அம்மா முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. ஒரு சிறு எலும்பு மட்டும் கிடைத்தால் அப்போதே அறிவிக்க வேண்டுமா, கிடைக்கக்கூடியதெல்லாம் கிடைத்த பின்பா? பொஸ்னியாவில் சிலர் மண்டையோடு வரும்வரை காத்திருந்தார்கள், சிலர் கிடைத்ததை ஜூலை 11 நினைவு நாளில் பொட்டோச்சாரி நினைவுக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். பிறகு மேலும் எலும்பு வந்தபோது கல்லறையைத் திறந்து சேர்த்தார்கள். ஒவ்வொரு முறையும் தொலைபேசி மணி அடிக்கும், ஒவ்வொரு முறையும் செத்தவீடு. அதனால் குடும்பம் முதலில் சொன்ன விருப்பத்தைப் படிவத்திலேயே எழுதிக்கொள்வது வழக்கம்.

கிட் வேண்டாம். அந்தக் கம்பனிகள் படிக்கும் இடங்கள் வேறு, தடயவியல் ஆய்வுகூடம் வழக்கமாக ஒப்பிடும் இடங்கள் வேறு. உங்கள் குடும்பத்தின் மரபணு யார் கையில் போய் நிற்கும் என்பதற்கும் உறுதி இல்லை. அதைவிட, குடும்ப வைத்தியரிடம் கேட்டு அம்மாவின் இரத்தத்தை வடிதாள் அட்டையில் எடுத்து வையுங்கள். பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுப்பார்களே, அதே அட்டை. மூன்று நான்கு மணிநேரம் அறை வெப்பத்தில், வெயில் படாமல், விசிறிக் காற்றோ ஹீட்டரோ இல்லாமல் உலரட்டும். பிறகு காகித உறையில், ஈரம் உறிஞ்சும் பொதியோடு வையுங்கள். உறைமேல் பெயர், பிறந்த திகதி, எடுத்த திகதி, எடுத்தவரின் கையெழுத்து, சாட்சியின் கையெழுத்து எல்லாம் இருக்கட்டும். பருத்திக் குச்சியால் கன்னத்தின் உட்பக்கம் தேய்த்து, உலர்த்தி, இன்னொன்றும் எடுக்கலாம். நாளை அதிகாரபூர்வமாக எவரும் கேட்டு வந்தால் அம்மா திரும்பவும் கொடுக்கத்தான் வேண்டும், வீட்டில் எடுத்ததை நீதிமன்றம் அப்படியே ஏற்காமலும் போகலாம். அம்மா இல்லாத காலத்துக்குத்தான் இந்த உறை. சித்தியிடமும் ஜெர்மனி மாமாவிடமும் இதையே செய்யச் சொல்லுங்கள், மூன்று உறையும் ஒரே வீட்டில் வேண்டாம்.