பெயரின் புள்ளி உதிராமல் காகிதம் வெட்டுவது எப்படி?

இங்கே மொரீஷியஸில், ரோஸ் ஹில்லில் இருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மூன்று வருடமாகக் காகித வெட்டுப் படங்கள் செய்கிறாராம், இதுவரை சொந்தக்காரர்களுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்ததோடு சரி. இப்போதுதான் முதல்முறையாக ஒருவர் காசு கொடுத்துக் கேட்டிருக்கிறார். பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரியூனியனில் இருக்கும் ஒரு பெண், தன் அப்பா அம்மாவின் ஐம்பதாவது கல்யாண நாளுக்கு, ஏ3 அளவில், இருவர் பெயரும் தமிழில், சுற்றிலும் மயிலும் தென்னையும் வேண்டும் என்கிறார். "தமிழ் எழுத்தை வெட்டினால் புள்ளி எல்லாம் உதிர்கிறது, எழுத்து துண்டு துண்டாகப் போகிறது. எந்தப் பேப்பர் வாங்குவது, எவ்வளவு கேட்பது, எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது? மூன்று வாரம்தான் இருக்கிறது" என்பது கேள்வி. அவர்கள் பெயரை இங்கே ஆறுமுகம், செல்லம்மா என்று மாற்றி வைத்துக்கொள்கிறேன்.

மூன்று வாரம் தாராளமாகப் போதும், ஆனால் முதல் வாரம் முழுக்கக் கத்தியைத் தொடாதீர்கள். இந்த வேலையில் கெட்டுப்போவது பெரும்பாலும் வெட்டும்போது இல்லை, வெட்டுவதற்கு முன்னால் கேட்காமல் விட்டதில்தான்.

முதலில் கேட்க வேண்டியது பெயரின் எழுத்து. நம் தீவிலும் ரியூனியனிலும் பாட்டன் பூட்டன் பெயரைப் பதிவேட்டில் எழுதியவர்கள் காதில் விழுந்ததைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்தார்கள். அதில் பெரும்பாலும் ல, ள, ழ மூன்றும் ஒரே எழுத்து, ர-வும் ற-வும் ஒன்று, ந, ன, ண ஒன்று. கோவிந்தன் கோவிந்தென் ஆனார், ஆறுமுகம் ஆர்முகம் ஆனார். வாடிக்கையாளர் அனுப்பும் செய்தியில் இருப்பது அந்த எழுத்துதான், அதை நீங்களாகவே தமிழுக்குக் கொண்டுவந்தால் பாதி நேரம் தப்பாகும். எனக்கு நடந்தது. நான் காசு வாங்கிச் செய்த முதல் படத்தில் ஒரு பாட்டியின் பெயரை வல்லியம்மா என்று வெட்டிக் கொடுத்துவிட்டேன். பரிசைப் பிரித்த வீட்டில் தமிழ் படித்தவர் ஒருவர் மெதுவாகச் சத்தமாக வாசித்தார், அந்தப் பாட்டி "நான் வள்ளி" என்றார், அவ்வளவுதான். இரவோடு இரவாக மறுபடி வெட்டிக் கொடுத்தேன், ஆனால் அந்த நிமிடத்தைத் திருப்பித் தர முடியவில்லை. ஆகவே பழைய கல்யாணப் பத்திரிகை, கல்லறைக் கல், கோவில் நன்கொடைப் பலகை என்று தமிழில் எழுதிய ஏதாவது வீட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். எதுவும் இல்லையென்றால் பள்ளித் தமிழ் ஆசிரியர் ஒருவரிடமோ, மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் தமிழ் படித்தவர் யாரிடமாவதோ காட்டுங்கள். 1998-இல் புது ரூபாய் நோட்டில் தமிழின் இடம் கீழே இறங்கியது என்பதற்காகவே இங்கே போராட்டம் நடந்து, அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள். தமிழ் எழுத்து இந்தத் தீவில் சின்ன விஷயம் இல்லை.

சரி, புள்ளிக்கு வருவோம். ஒரு பேப்பரில் செல்லம்மா என்று பெரிதாக எழுதி, ஒன்றோடொன்று தொடாமல் நிற்கும் துண்டுகளை எண்ணுங்கள். கொம்பு தனி, ச தனி, இரண்டு ல, இரண்டு ம, கடைசியில் கால், ஆக ஏழு. மேலே இரண்டு புள்ளி, ஒன்பது. ஆறுமுகத்தில் ஐந்து எழுத்து, ஒரு புள்ளி, ஆறு. மொத்தம் பதினைந்து துண்டுகள், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் ஒட்டு இல்லை. காகித வெட்டில் ஒரே விதிதான்: மிஞ்சுகிற காகிதம் முழுவதும் ஒரே தாளாக, எங்கிருந்து எங்கே விரல் நகர்த்தினாலும் போய்ச் சேருகிற மாதிரி இருக்க வேண்டும். அதனால் இந்தப் பதினைந்தையும் எங்கே கட்டிப்போடுவது என்பதுதான் உங்கள் வேலை.

இதற்கு இரண்டு வழி. எழுத்தைக் காகிதமாக விட்டுச் சுற்றிலும் வெட்டி எடுப்பது ஒன்று, எழுத்தையே ஓட்டையாக வெட்டி எடுப்பது இன்னொன்று. ஓட்டை எழுத்தில் புள்ளிப் பிரச்சினையே கிடையாது, புள்ளி வெறும் துளை, கொம்பும் காலும் தனித்தனி ஓட்டைகள். ஆனால் க-வின் வயிறும் ம-வின் வயிறும், அதாவது கோடு சுற்றி மூடிய உள்பகுதி, உதிர்ந்துவிடும், அவற்றுக்குச் சின்னப் பாலம் ஒன்று விட வேண்டும், லாரிகளில் அச்சுத்தகடு வைத்துப் பெயின்ட் அடித்த எழுத்தில் பார்த்திருப்பீர்களே, அந்த மாதிரி. நான் தேதி, ஊர் போன்ற சின்ன எழுத்துக்கெல்லாம் ஓட்டை வழியைத்தான் எடுப்பேன். பெரிய பெயருக்கு அது பொருந்தாது, பெயர் காகிதமாக நின்றால்தான் பின்னால் நிழல் விழும், பார்ப்பவர் கண் அங்கே போகும்.

பெரிய பெயருக்கு ஒரு கொடியை வரையுங்கள். எழுத்துக்கு அடியில் முல்லைக் கொடி மாதிரி வளைந்து போகிற ஒரு தண்டு, எழுத்துகளின் பாதம் அதில் இரண்டு மில்லிமீட்டர் புதைந்து நிற்கட்டும். அதே கொடியில் இருந்து ஒரு கிளை மேலே ஏறி எழுத்தின் தலைக்கு மேல் வந்து மொட்டாக முடியும், அந்த மொட்டுதான் புள்ளி. மேலே மாவிலைத் தோரணம் வரைந்தால் இன்னும் சுலபம், ஓர் இலையின் நுனியில் இருந்து புள்ளி சொட்டு மாதிரித் தொங்கும். மயில் கேட்டிருக்கிறார் அல்லவா, தோகையின் கண்களில் மூன்றைப் பெயருக்கு மேல் கொண்டுவந்து ல், ம், ம் மூன்றுக்கும் புள்ளியாக நிறுத்திவிடலாம். வாசிப்பவருக்கு அது புள்ளி, பார்ப்பவருக்கு அது தோகை. நான் இதைச் செய்து பார்த்திருக்கிறேன், அவ்வளவு அழகாக இருக்கும். ஓலையில் எழுதியவர்கள் எழுத்தாணி பட்டு ஓலை கிழியும் என்று புள்ளியை விட்டுவிட்டார்கள், நமக்கு அந்தச் சலுகை இல்லை, இன்று புள்ளி இல்லாவிட்டால் ஆறுமுக-ம என்றுதான் பேரப்பிள்ளைகள் வாசிப்பார்கள்.

அடிக்கொடியில் ஒரு கண்ணி உண்டு. ட-வைக் கொடியில் புதைத்தால் அதன் அடிக்கோடு கொடியோடு கலந்து வெறும் குச்சிதான் மிஞ்சும். ப இரண்டு குச்சியாகிவிடும். ர-வின் காலடியில் இருக்கும் சாய்ந்த கோடு மறைந்தால் அது துணைக்காலாக மாறிவிடும். இந்த மூன்றையும் மேலே இருந்து தொங்கவிடுங்கள், அல்லது ஒரே ஓர் இலைக்காம்பால் மட்டும் கொடியோடு தொடுங்கள். உங்கள் இரண்டு பெயரிலும் இவை இல்லை, ஆனால் அடுத்த ஆள் கட்டாயம் பட்டம்மாவாகத்தான் வருவார்.

எழுத்தின் உயரம் நான்கு சென்டிமீட்டருக்குக் குறைய வேண்டாம், ஏ3-இல் அதற்கு இடம் இருக்கிறது. பாலமும் காம்பும் இரண்டு மில்லிமீட்டர் அகலம். கை பழகிய பின் ஒன்றரைக்கு இறங்கலாம், இப்போது வேண்டாம்.

படத்தில் இந்த ஊரும் இருக்கட்டும். பீட்டர் போத் மலையின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் பாறை காகித வெட்டுக்கென்றே செய்தது மாதிரி, மெல்லிய கழுத்தோடு ஒட்டியே இருக்கும், ஒரு பாலமும் விட வேண்டாம். கரும்புப் பூவும் நன்றாக வரும். ஆனால் அந்த அப்பா அம்மா எங்கே வளர்ந்தார்கள் என்று கேட்டுவிட்டுப் போடுங்கள், ரியூனியனிலேயே பிறந்தவர்கள் என்றால் நம் மலை அவர்களுக்கு என்ன சொல்லும்? நடுவில் முகமும் வேண்டும் என்று கேட்பார்கள். பக்கவாட்டில் திரும்பி, பின்னால் வெளிச்சம் இருக்கிற போட்டோ இருந்தால் மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள். நேர்முகப் போட்டோவைக் கறுப்பு நிழலாக வெட்டினால் எல்லோரும் ஒரே உருண்டைதான்.

வரைந்து முடித்ததும் மிஞ்சும் காகிதத்தை எல்லாம் பென்சிலால் கறுப்பாக்கிப் போட்டோ எடுத்து அனுப்பி, "பெயர், எழுத்து, தேதி சரி" என்று அவர் கையால் பதில் வாங்குங்கள். அதுவரை கத்தி பெட்டிக்குள். இரண்டு முறை மாற்றம் விலைக்குள் அடங்கும், மூன்றாவதில் இருந்து தனிக்காசு, வெட்டத் தொடங்கிய பின் மாற்றமே கிடையாது என்பதை அட்வான்ஸ் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

பேப்பர் 120 முதல் 160 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் பேப்பர் அத்தனை கிராம் எடை. ஜெராக்ஸ் பேப்பர் 80தான், ஈரக் காற்றில் துவண்டுவிடும். 200-ஐத் தாண்டினால் வளைவில் கத்தி நிற்கும், விரல் வலிக்கும். கான்சோன் மி-தேன்த் என்ற பேப்பர் 160 கிராம், நான் அதைத்தான் வாங்குகிறேன். ஒரு பக்கம் தேன்கூடு மாதிரி சொரசொரப்பு, மறுபக்கம் வழவழப்பு, வழவழப்பை முன்பக்கமாக வையுங்கள். அமிலம் இல்லாத பேப்பர் என்று அட்டையில் போட்டிருக்க வேண்டும், ஐம்பது வருடக் கல்யாணத்துக்குக் கொடுக்கும் பரிசு ஐந்து வருடத்தில் மஞ்சளாகக் கூடாது. சிவப்புப் பேப்பரில் செய்யலாமா என்று பலர் கேட்பார்கள். சீனர்களின் சிவப்பு வெட்டுக் கலையை 2009-இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது, போர்ட் லூயிஸ் சீனர் தெருவில் அந்தச் சிவப்பைப் பார்த்துப் பார்த்து நமக்கும் ஆசை. சிவப்பு நம் கல்யாணத்துக்கும் பொருத்தம்தான், ஆனால் மலிவான சிவப்பு ஈரம் பட்டால் சாயம் விடும், வெயிலில் வெளுக்கும். ஒரு துண்டை ஈர விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கத்திக்குப் பெரிய செலவு இல்லை. 11-ஆம் எண் பிளேடு போட்ட பேனாக்கத்தி, அடியில் கட்டிங் மேட். பிளேடைத்தான் தாராளமாக மாற்ற வேண்டும், வளைவில் காகிதம் நார் நாராக எழும்பினாலே முனை போய்விட்டது என்று அர்த்தம். ஏ3-க்கு ஏழெட்டு பிளேடு எனக்கு ஆகும். படத்தை இடம் வலமாகத் திருப்பிப் பின்பக்கத்தில் வரைந்து, பின்பக்கத்தில் இருந்தே வெட்டுங்கள், பென்சில் கோடு முன்னால் தெரியாது. திரும்பியிருக்கிற தமிழ் எழுத்து கண்ணுக்குப் பழக நேரம் எடுக்கும், அதனால் வெட்டும் முன் ஜன்னல் கண்ணாடியில் வைத்து முன்பக்கத்தில் இருந்து ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

எழுத்தில் ஆரம்பியுங்கள், அதிலும் வயிறும் சுழியும் முதலில், பெரிய வெற்றிடங்கள் கடைசியில். பெரியதை முதலில் எடுத்துவிட்டால் தாள் தொளதொளவென்று ஆடும், அப்புறம் சின்னதை வெட்டும்போது கிழியும். கத்தி அதே இடத்தில் இருக்கட்டும், காகிதத்தைச் சுற்றுங்கள். மூலையில் முடிக்காமல் மூலையில் இருந்து தொடங்குங்கள். துண்டு தானாக விழவில்லையென்றால் இழுக்காதீர்கள், மூலையில் ஒரு நூலளவு வெட்டுப்படாமல் இருக்கிறது, கத்தி முனையை அங்கே ஒரு முறை அழுத்தினால் விழும். காம்பு அறுந்துபோனாலும் பதற வேண்டாம், அதே பேப்பரில் ஒரு துணுக்கைப் பின்பக்கம் வெள்ளைப் பசையால் ஒட்டிப் புத்தகத்துக்கு அடியில் வைத்தால் முன்னால் தெரியாது.

விலைக்கு நான் போடும் கணக்கைச் சொல்கிறேன். இந்த அளவுக்கு வரைய ஐந்து மணி நேரம், வெட்டப் பதினொன்று, ஒட்டிச் சட்டத்துக்குத் தயாராக்க இரண்டு, ஆகப் பதினெட்டு. மணிக்கு 300 ரூபாய் வைத்தால் 5,400, அதன்மேல் பேப்பரும் பிளேடும், சட்டம் தனி. பாதி முன்பணம். உங்களுக்கு வெட்ட இருபது மணி நேரம் ஆகலாம், அந்தக் கூடுதல் நேரத்தை வாடிக்கையாளர் தலையில் போடாதீர்கள், ஆனால் என் பதினெட்டு மணி நேரத்துக்குக் குறைத்தும் கேட்காதீர்கள். "மெஷினில் வெட்டினால் ஐந்து நிமிடம்தானே" என்பார்கள். உண்மைதான், இருநூறு பத்திரிகைக்கு மெஷின்தான் சரி, அப்படிக் கேட்டால் நானே மெஷின் வைத்திருப்பவரிடம் அனுப்புகிறேன். ஒரே ஒரு ஆளுக்கு, ஒரே ஒரு முறை செய்யும் படத்துக்குத்தான் நம் கை.

ஒட்டும்போது பசையைத் தடவாதீர்கள். பல்குச்சி முனையில் எடுத்து அங்கங்கே ஒரு பொட்டு போதும், மயிலின் உடல், கொடியின் முடிச்சு மாதிரி அகலமான இடங்களில் மட்டும். பின் அட்டையில் இருந்து மூன்று நான்கு மில்லிமீட்டர் தூக்கி வைத்தால் எழுத்தின் நிழல் விழும். கண்ணாடி காகிதத்தைத் தொடவே கூடாது, நம் ஊர் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சை வரும், மழை ஓயாத கியூர்பீப் பக்கம் வீடு இருப்பவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். சட்டத்தின் பின்பக்கத்தைப் பேப்பர் டேப்பால் முழுக்க மூடுங்கள், வெளிச்சுவரிலும் வெயில் நேராக விழும் இடத்திலும் மாட்ட வேண்டாம் என்று ஒரு சீட்டில் எழுதிப் பின்னால் ஒட்டிவிடுங்கள்.

ரியூனியனுக்குக் கண்ணாடி போட்டு அனுப்பாதீர்கள். படத்தைப் பின் அட்டையில் ஒட்டிச் சட்டத்துக்குத் தயாராக வைத்து, மேலே வழவழப்பான பட்டர் பேப்பர் ஒன்று, இருபுறமும் ஏ3-ஐ விடப் பெரிய கெட்டி அட்டை, நான்கு ஓரமும் டேப், மழைக்காக ஒரு பிளாஸ்டிக் உறை. சுருட்டவே கூடாது, காம்புகள் அதில்தான் முறியும். விமானம் முக்கால் மணி நேரம்தான், யாராவது போகிறார்களா என்று கேட்டுக் கையோடு கொடுத்தனுப்புங்கள், பெட்டிக்குள் வேண்டாம். சட்டத்தையும் கண்ணாடியையும் அந்தப் பெண் அங்கேயே வாங்கிக்கொள்ளட்டும், அட்டையின் நீள அகலத்தை மட்டும் இன்றைக்கே அவருக்கு எழுதிவிடுங்கள்.