தினமும் ஓட்டும் சைக்கிளை எப்படிப் பராமரிப்பது, திருடு போகாமல் எப்படிப் பூட்டுவது?

கேள்வி: ரயில் நிலையம் வரை தினமும் சைக்கிளில் போய், மாலை வரை அங்கேயே நிறுத்துகிறேன். கியர் சைக்கிள். அடிக்கடி பஞ்சர், செயினில் சத்தம். பக்கத்தில் நின்ற சைக்கிள் ஒன்று களவு போய்விட்டது. என்ன செய்வது?

பதில்: முதலில் இரண்டு பொருள் வாங்குங்கள். மீட்டர் வைத்த பம்பு ஒன்று, கனமான பூட்டு ஒன்று. பாட்டில் ஸ்டாண்டு, ஜெல் சீட்டெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பஞ்சர் என்றதும் எல்லோரும் முள்ளைத்தான் திட்டுவார்கள். அடுத்த முறை டியூபைக் கழற்றும்போது ஓட்டையை உற்றுப் பாருங்கள். பாம்பு கடித்த மாதிரி பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல் இருந்தால் அது முள்ளின் வேலை இல்லை. காற்று குறைந்த டயர் பள்ளத்தில் இறங்கி, டியூப் ரிம்மில் நசுங்கியிருக்கிறது. ஓட்டை எதுவும் இல்லாமலே டியூபில் காற்று மெல்லக் குறையும் என்பதால் வாரம் ஒரு முறை பம்பு அடிக்க வேண்டும். அளவு டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும். 40–65 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) என்று போட்டிருந்தால் முன்னால் 50, பின்னால் 55 வையுங்கள். உடம்பின் பாரம் பின் சக்கரத்தில்தான் அதிகம். பெட்ரோல் பங்க் காற்று வேண்டாம். சைக்கிள் டியூபில் இடம் கொஞ்சம், கை எடுப்பதற்குள் வெடித்துவிடும்.

ஒரே ஓட்டை என்றால் முள் அல்லது கண்ணாடி. பஞ்சர் ஒட்டிவிட்டு அப்படியே மாட்டாதீர்கள். பழைய பருத்தித் துணியை டயருக்குள் சுற்றிலும் தேய்த்து இழுத்தால், உள்ளே ஒடிந்து நிற்கும் கருவேல முள் நூலில் மாட்டும். அதை எடுக்காவிட்டால் நாளைக்கே இன்னொரு பஞ்சர். ஓட்டையே இல்லாமல் காற்று இறங்கினால் வால்வு வாயில் எச்சிலைத் தொட்டு வையுங்கள், குமிழி வந்தால் கோளாறு அங்கேதான். பழைய 28 அங்குல வண்டிகளில் வால்வு டியூப் என்கிற சின்ன ரப்பர் குழாயை மாற்றினால் போதும். சில ரூபாய் வேலை.

செயின் சத்தம் காய்ந்ததால் வரும், தேய்ந்ததாலும் வரும். எண்ணெய் விடும் முன் தேய்மானத்தைப் பாருங்கள். ஸ்டீல் ஸ்கேலின் பூஜ்யத்தை, கண்ணிகளை இணைக்கும் ஒரு பின்னின் நடுவில் வைத்தால், புதிய செயினில் 24 கண்ணி தள்ளி இருக்கும் பின் சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். அது 1/16 அங்குலம் தாண்டியிருந்தால் செயினை மாற்றிவிடுங்கள். 1/8 தாண்டிவிட்டால் பின் சக்கரத்துப் பல்சக்கரங்களும் சேர்ந்து தேய்ந்திருக்கும். புதுச் செயின் போட்டாலும் பல்லில் உட்காராமல் துள்ளும். அப்போது இரண்டையும் மாற்றுகிற செலவு.

எண்ணெய் விடுவதில்தான் நிறையப் பேர் கெடுத்துக்கொள்கிறார்கள். பழைய இன்ஜின் ஆயில் மண்ணை இழுத்து அரைக்கும் பசையாகிவிடும். துரு இளக்கும் ஸ்பிரே ஓரிரு நாளில் காய்ந்துவிடும். செயினுக்கென்றே விற்கும் எண்ணெய் வாங்குங்கள். துணியால் அழுக்கைத் துடைத்துவிட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றியபடி செயினின் ஒவ்வொரு உருளைக்கும் ஒரே ஒரு சொட்டு. பத்து நிமிஷம் ஊறவிட்டு, வெளியே வழிவதை முழுக்கத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வேலை செய்வது உருளைக்கு உள்ளே. வெளியே பளபளப்பதெல்லாம் புழுதி ஒட்டத்தான் உதவும். மழையில் நனைந்தால் அன்றே துடைத்து எண்ணெய் விட வேண்டும். ரிம்மிலோ டிஸ்கிலோ மட்டும் எண்ணெய் படக்கூடாது, பிரேக் பிடிக்காது.

பிரேக் லீவர் கைப்பிடியைத் தொடும் வரை போனால், ஒயர் லீவருக்குள் நுழையும் இடத்தில் உள்ள திருகை வெளியே வரும்படி இரண்டு சுற்றுத் திருகுங்கள். பிரேக் கட்டையில் வெட்டியிருக்கும் பள்ளம் மறைந்திருந்தால் திருகிப் பயனில்லை, கட்டையையே மாற்றுங்கள். பெடல் மிதிக்கும்போது சுற்றுக்கு ஒரு முறை ‘டக்’ என்று கேட்டால் தள்ளிப்போடாமல் கிராங்க் (பெடல் மாட்டியிருக்கும் இரும்புக் கை) போல்ட்டை இறுக்குங்கள். லூசாகவே ஓட்டினால் கிராங்கின் சதுர ஓட்டை தேய்ந்து, பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. இன்னொன்று: இடது பெடலுக்கு மரை எதிர்த்திசை. இது தெரியாமல் மரையைக் கிழித்தவர்கள் ஏராளம்.

இனி பூட்டு. பின் சக்கர வீல் லாக் வண்டியை ஓட்டத்தான் விடாது, தூக்கிக்கொண்டு போவதைத் தடுக்காது. நம்பர் போட்ட மெல்லிய ஒயர் பூட்டு கட்டிங் பிளேயருக்கு ஒரு நிமிஷம்கூடத் தாங்காது. 13, 14 மி.மீ. கனமுள்ள யு-லாக் (ஆங்கில U வடிவக் கம்பிப் பூட்டு) வாங்குங்கள். பின் சக்கரம், பிரேம், தரையில் பதித்த கம்பி மூன்றும் அதற்குள் வர வேண்டும். முன் சக்கரத்தை மட்டும் கம்பியோடு பூட்டினால், கையாலேயே சக்கரத்தைக் கழற்ற உதவும் குவிக் ரிலீஸ் நெம்புகோலைத் திறந்து சக்கரத்தை உங்களுக்கு விட்டுவிட்டு மீதியைக் கொண்டுபோவார்கள். யு-லாக்குக்குள் காலி இடம் குறைவாக இருந்தால் ஜாக்கியோ கடப்பாரையோ நுழையாது. பூட்டு தரையில் படக்கூடாது, கீழே வைத்துச் சுத்தியலால் அடிக்க வசதியாகிவிடும். கம்பியையும் ஒரு முறை ஆட்டிப் பாருங்கள். பூட்டோடு மேலே உருவி எடுக்கிற உயரம் என்றால் வேறு இடம் தேடுங்கள். சீட்டிலும் முன் சக்கரத்திலும் குவிக் ரிலீஸை எடுத்துவிட்டு நட் போட்டுவிடலாம். காசு வாங்கும் ஸ்டாண்டில் டோக்கன் தருகிறார்கள் என்றால், பூட்டோடு சேர்த்து அதுதான் நல்லது.

இன்றே ஒரு வேலை. சைக்கிளைத் தலைகீழாகத் திருப்புங்கள். பெடல் அச்சு உருளைக்கு அடியில் பெரும்பாலும் பிரேம் நம்பர் குத்தியிருக்கும். அதையும் முழு வண்டியையும் படம் எடுத்து, பில்லோடு சேர்த்து வையுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள சட்டத்தில் 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளின் திருட்டு, நீதிமன்ற உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத வகையில் வருகிறது. ஆகவே மதிப்பைக் காட்டும் பில் முக்கியம். புகார் கொடுத்ததும் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள், அதற்கு முன் புகாரில் பிரேம் நம்பரை எழுதியிருக்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ‘கறுப்பு கியர் சைக்கிள்’ என்று மட்டும் எழுதினால், கிடைத்த வண்டிகளில் உங்களுடையது எது என்று யாராலும் சொல்ல முடியாது.