பல்பு எரிந்தும் செடி ஏன் பட்டினி கிடக்கிறது?

கேள்வி: ஜன்னல் இல்லாத அறையில் மணி பிளான்ட் வைத்திருக்கிறேன். கூரையில் இருக்கும் எல்இடி விளக்கை இரவும் பகலும் அணைப்பதே இல்லை. உரமும் போடுகிறேன். ஆனாலும் தண்டு மெலிந்து நீள்கிறது, புது இலைகள் சிறுத்தே வருகின்றன. பல்பு வெளிச்சம் செடிக்கு ஆகாதா?

பதில்: தாராளமாக ஆகும். வெயிலா பல்பா என்று இலை பார்ப்பதில்லை. அளவுதான் போதவில்லை. இந்த விஷயத்தில் நம் கண்ணை நம்பக் கூடாது. வெளிச்சத்தை அளக்கும் அலகான லக்ஸில் சொன்னால், உச்சி வெயில் சுமார் 1,00,000 லக்ஸ். 'நல்ல வெளிச்சம்' என்று நாம் சொல்லும் அறையில் 500 லக்ஸ் இருந்தாலே அதிகம்.

இலைக்குள் நடப்பது இதுதான். ஒளித்துகளான ஃபோட்டான் பச்சையத்தில் விழுந்ததும் அங்கிருந்து ஓர் எலக்ட்ரான் கிளம்பிவிடும். காலியான இடத்தை நிரப்ப, செடி தண்ணீரைப் பிளந்து எலக்ட்ரானை எடுத்துக்கொள்கிறது. மிஞ்சுகிற ஆக்ஸிஜன் வெளியேறுகிறது. கிளம்பிய எலக்ட்ரான் கைமாறிக் கைமாறிப் போகும் வழியில் ஏடிபி, என்ஏடிபிஎச் என்ற இரண்டு பொருள்கள் உருவாகின்றன. ஒளி இப்போது வேதி ஆற்றலாகிவிட்டது. இவற்றைச் செலவழித்துத்தான் கரியமில வாயுவிலிருந்து சர்க்கரை கட்டப்படுகிறது. ஓர் ஆக்ஸிஜன் மூலக்கூறு வெளிவரக் குறைந்தது 8 ஃபோட்டான்கள் வேண்டும். ஆக, எண்ணிக்கை குறைந்தால் சர்க்கரையும் குறையும்.

மீன்தொட்டியில் வளரும் ஹைட்ரில்லாவைக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் போட்டு, பல்பை மெல்ல அருகே கொண்டுவாருங்கள். வெட்டிய தண்டு நுனியிலிருந்து வரும் ஆக்ஸிஜன் குமிழிகள் வேகமெடுக்கும். வெளிச்சத்தில் குமிழி வருவதையும் இருட்டில் நின்றுபோவதையும் டச்சு விஞ்ஞானி இங்கென்ஹவுஸ் 1779இலேயே எழுதிவைத்தார்.

செடி நாள் முழுக்கச் சுவாசிக்கவும் செய்கிறது. அதற்கும் சர்க்கரைதான் செலவாகிறது. உங்கள் செடியின் வரவு அந்தச் செலவுக்கே சரியாகப் போகிறது போலும். தண்டு நீள்வது வளர்ச்சியல்ல, வெளிச்சத்தைத் தேடும் அலைச்சல்.

உரத்தால் இந்தக் குறை தீராது. பாக்கெட்டில் 'செடி உணவு' என்று அச்சிட்டிருந்தாலும் அதில் ஆற்றல் கிடையாது. பச்சைய மூலக்கூறின் நடுவில் இருக்கும் மெக்னீசியம் போன்ற கட்டுமானச் சாமான்கள்தான் அதில் இருக்கின்றன. பசியில் இருக்கும் செடி அதை அதிகம் இழுத்துக்கொள்ளாது, மிச்ச உப்பு மண்ணில்தான் தங்கும். இப்போதைக்கு நிறுத்திவையுங்கள்.

விளக்கைச் செடிக்கு மேலே ஓரடி உயரத்துக்கு இறக்குங்கள். சிறிய பல்பு என்றால், தூரம் பாதியானால் வெளிச்சம் கிட்டத்தட்ட நான்கு மடங்காகும். இலைக்கு மேல் கையை நீட்டிப் பாருங்கள்: விரல்கள் தனித்தனியாகத் தெரியும்படி நிழல் விழ வேண்டும், கையில் சூடு உறைக்கக் கூடாது. ஊதா நிற விளக்கு தேவையில்லை. பச்சையம் அதிகம் விரும்பும் சிவப்பும் நீலமும் வெள்ளை எல்இடியிலேயே உண்டு. ஒரு டைமர் போட்டு 12 முதல் 14 மணி நேரம் எரியவிட்டால் போதும்.

நீண்டுபோன தண்டு திரும்பக் குட்டையாகாது. கணுவுக்கு மேலே வெட்டிவிட்டு, அடுத்து வரும் இலை எவ்வளவு அகலமாக விரிகிறது என்று கவனியுங்கள்.