டர்போவின் வாயை அகட்டலாமா?

கேள்வி: போர்வெல் ரிக் வைத்திருக்கிறேன். கம்ப்ரசரை ஓட்டும் இன்ஜின் முன்போல இழுப்பதில்லை. டர்போவில் காற்று நுழையும் வாயைக் கிரைண்டர் போட்டு 2 மி.மீ. அகட்டினால் சரியாகிவிடும் என்கிறார் தெரிந்த மெக்கானிக். செய்யலாமா?
– வாசகர், திருச்செங்கோடு

பதில்: தயவுசெய்து கிரைண்டரை அதன் பக்கம் கொண்டுபோக விடாதீர்கள்.

டர்போ என்பது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி. அழுத்துவது அதனுள் சுழலும், இறக்கை வைத்த வீல். வாய் என்று நாம் சொல்வதில் இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஹோஸ் மாட்டுகிற வெளி வாய் ஒன்று. உள்ளே, வீலின் இறக்கைகளை ஒட்டி வளைந்து போகிற தொண்டை இன்னொன்று. அந்தத் தொண்டைச் சுவருக்கும் இறக்கை நுனிக்கும் நடுவே அரை மில்லி இடைவெளி இருந்தாலே அதிகம். வீல் காற்றை அழுத்தி முன்னே தள்ளும்போது அந்த இடுக்கு வழியாகக் கொஞ்சம் காற்று பின்னால் நழுவும். இடுக்கைப் பெரிதாக்கினால் நழுவுவதும் கூடும். ஏற்கெனவே அழுத்திய காற்றையே வீல் திரும்பத் திரும்ப அழுத்தும். காற்று சூடாகும், பூஸ்ட் (டர்போ இன்ஜினுக்குத் தரும் காற்றழுத்தம்) விழும். எவ்வளவு காற்றை விழுங்கலாம் என்பது வீலின் முன்பக்க அளவைப் பொறுத்தது. சுவரைத் தேய்த்தால் வீல் பெரிதாகிவிடாது. தேய்த்தபின் ஹவுசிங்கில், அதாவது வீலைச் சுற்றியுள்ள கூட்டில், ஒட்டிக்கொண்டிருக்கும் அலுமினியத் துகள் வேறு இருக்கிறது. இந்த அளவு டர்போவில் வீல் நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றை நெருங்கும். அந்த வேகத்தில் ஒரு சிறு துகள் பட்டாலே இறக்கை நுனி சிதைந்துவிடும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். முன்பு நன்றாக இழுத்ததும் இதே வாயோடுதான். அப்படியென்றால் வேறு ஏதோ மாறியிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க ஒரு மீட்டர் உயரத்துக்கு 'யூ' வடிவில் வளைத்த தெளிவான பிளாஸ்டிக் டியூபும் தண்ணீரும் போதும். ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில், அடைப்பு வந்தால் சிவப்பு காட்டும் சின்ன இண்டிகேட்டர் இருக்கும். அதைக் கழற்றி, அந்தத் துளையில் டியூபின் ஒரு முனையை மாட்டுங்கள். டியூபைப் பலகையில் கட்டி நிமிர்த்திவைத்து, பாதி உயரம் வரை தண்ணீர் ஊற்றுங்கள். கம்ப்ரசர் முழு பிரஷரில் ஓடும்போது இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஸ்கேலால் அளந்து பாருங்கள். கனரக டீசல் இன்ஜின்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் உச்ச எல்லை 25 அங்குலம், அதாவது 635 மி.மீ. டியூபின் உயரத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். குட்டையாக இருந்தால் தண்ணீரை இன்ஜின் உறிஞ்சிவிடும்.

635 மி.மீ. தண்ணீர் என்பது 0.06 பார்தான் (1 பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்), அற்பமாகத் தெரியும். ஆனால் வீல் செய்வது கூட்டல் வேலை அல்ல, பெருக்கல் வேலை. வாயில் 1 பார் இருந்தால் 2.5 பாருக்கு உயர்த்த 2.5 மடங்கு அழுத்தினால் போதும். 0.94 பார்தான் இருக்கிறது என்றால் 2.66 மடங்கு அழுத்த வேண்டும். வீல் இன்னும் வேகமாகச் சுற்றும், காற்று இன்னும் சூடாகும். வாய்ப்பக்கம் இழக்கிற சிறு அழுத்தம் மறுபக்கம் பெருகித்தான் தெரியும்.

அளவு எல்லையைத் தாண்டினால் முதலில் ஃபில்டரை மாற்றுங்கள். ரிக் வேலையில் அடிக்கிற புழுதிக்கு அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். புது ஃபில்டர் போட்டும் மட்டம் இறங்கவில்லையா? ரப்பர் ஹோஸைப் பாருங்கள். இன்ஜின் நின்றிருக்கும்போது பார்த்துப் பயனில்லை. அப்போது உருண்டையாக, நல்ல பிள்ளையாக இருக்கும். முழு லோடில் சூடேறி ஓடும்போது டார்ச் அடித்துப் பாருங்கள். எண்ணெய் ஊறித் தளர்ந்த ஹோஸ், வளைவில் உள்பக்கமாகச் சப்பிக்கொள்ளும். நிறைய பேர் டர்போவைக் குறை சொல்லி மாற்றிவிட்டு, அதே ஹோஸைத் திரும்ப மாட்டுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருகிற விஷயம் அது.

கேள்வி: அப்படியானால் வாய்ப்பக்கம் எந்த மாற்றமுமே பலன் தராதா? டிராக்கில் ஓட்ட பெட்ரோல் டர்போ கார் ஒன்றைத் தயார் செய்கிறேன்.
– வாசகர், கோவை

பதில்: தரும். ஆனால் பலன் அகலத்தில் இல்லை, விளிம்பில் இருக்கிறது. வெட்டவெளியில் நீட்டிக்கொண்டிருக்கும் குழாய்க்குள் காற்று நேரே போவதில்லை. பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் வளைந்து வந்து நுழைகிறது. விளிம்பு கூர்மையாக இருந்தால் சுவரைவிட்டு விலகிச் சுழல்கிறது. குழாயின் நடுப்பகுதி மட்டும்தான் உருப்படியாக வேலை செய்கிறது. விளிம்பைப் புனல் மாதிரி வெளிப்பக்கம் உருட்டிவிட்டால் காற்று சுவரை ஒட்டியே உள்ளே போகும்.

50 மி.மீ. வாய், நொடிக்கு 200 கிராம் காற்று என்று வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய 250 குதிரைத்திறன் இன்ஜினுக்கான காற்று அது. நீட்டிக்கொண்டிருக்கும் கூர்விளிம்புக் குழாயில் சுமார் 350 மி.மீ. தண்ணீர் அளவு அழுத்தம் வீணாகும். விட்டத்தில் ஆறில் ஒரு பங்கு ஆரம், அதாவது 8 மி.மீ., வைத்து உருட்டினால் அது 20 மி.மீ. அளவுக்குச் சுருங்கிவிடும். அதற்குமேல் பெரிய புனல் வைத்தால் பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். புனல் வைக்க வேண்டியது காற்று குழாய்க்குள் நுழைகிற இடத்தில். ஃபில்டர் பெட்டியிலிருந்து டர்போ வரை ஹோஸ் தொடர்ந்து வருகிறது என்றால், அந்த இடம் ஃபில்டர் பெட்டிக்குள் இருக்கிறது. டர்போவின் வாயில் புனல் மாட்டுவது வீண். அங்கே பார்க்க வேண்டியது படிக்கட்டு. ஹோஸ் வெளிப்பக்கமாக ஏறி உட்காருவதால், ஹவுசிங் வாயின் கனம் 3, 4 மி.மீ. சுவராக எதிரே நிற்கும். ஹவுசிங்கை டர்போவிலிருந்து முழுவதும் கழற்றி எடுத்து, அந்த விளிம்பின் உட்பக்கத்தை அரைவட்ட அரத்தால் சரித்து, எமரி போட்டுத் தேய்த்து, கழுவி மாட்டுங்கள். என் பட்டறையில் தயங்காமல் செய்துகொடுக்கிற ஒரே 'வெட்டு' இதுதான். தொண்டைப் பக்கம் அரம் போகக்கூடாது.

ஃபில்டர் இல்லாமல் மட்டும் ஓட்டாதீர்கள். டிராக்கிலும் மணல் உண்டு.

கேள்வி: சில ஹவுசிங்கில் வாய்க்குள் இன்னொரு வளையமும், சுற்றிலும் ஒரு பள்ளமும் இருக்கிறதே, அது எதற்கு? லேத்தில் கொடுத்து நம் ஹவுசிங்கிலும் வெட்டிக்கொள்ளலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: இங்கிலாந்தின் ஹட்டர்ஸ்ஃபீல்டைச் சேர்ந்த ஹோல்செட் கம்பெனி 1980களில் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. இறக்கையின் முன் விளிம்பைத் தாண்டிச் சற்று உள்ளே, தொண்டைச் சுவரில் சுற்றிலும் ஒரு பிளவு இருக்கும். காற்று குறைவாக ஓடும்போது, மிச்சக் காற்று அந்தப் பிளவு வழியாக வாய்க்கே திரும்பிவிடும். அதனால் டர்போ 'படபட'வென்று திணறுவது தள்ளிப்போகும். முழு வேகத்தில் நேர் எதிர்: அதே பிளவு வழியாகக் கூடுதல் காற்று உள்ளே வரும். ஒரே பிளவு இரண்டு முனையிலும் கைகொடுக்கிறது. அருமையான சிந்தனை.

அதற்காக லேத்தில் வெட்டச் சொல்லமாட்டேன். பிளவின் இடமும் அகலமும் அந்தந்த வீலுக்கென்று சோதித்து முடிவு செய்தவை. இடம் தவறினால் சும்மா சுற்றிவரும் காற்றுக்கு ஒரு பாதை திறந்துவிட்டதாக ஆகும். திணறல் உண்மையிலேயே தொந்தரவாக இருந்தால், உங்கள் வீலுக்கு அந்த அமைப்போடு வரும் ஹவுசிங்கை வாங்கிப் போடுங்கள். விசில் சத்தம் கூடும், அது இயல்பு.

கேள்வி: ராலியில் டர்போ வாயைச் சுருக்கி ஓட்டுகிறார்களாமே, ஏன்?
– வாசகர், சென்னை

பதில்: சக்தியைக் கட்டிப்போட. உலக ராலி போட்டியில் நெடுங்காலம் 34 மி.மீ. வளையம் கட்டாயமாக இருந்தது. அந்தத் துளையில் காற்று ஒலியின் வேகத்தைத் தொட்டுவிட்டால், அதற்குமேல் எவ்வளவு உறிஞ்சினாலும் நொடிக்குச் சுமார் 215 கிராமைத் தாண்டாது. கார்கள் 300 குதிரைத்திறன் பக்கத்திலேயே நின்றதற்கு இதுதான் காரணம். 1995 கேட்டலூனியா ராலியில் டொயோட்டா அணியின் செலிகா கார்களில், ஹோஸை மாட்டி இறுக்கினால் வளையம் நகர்ந்து பக்கவாட்டில் காற்றுக்கு வழிவிடுவதும், ஹோஸைக் கழற்றினால் தானாக மூடிக்கொள்வதும் பிடிபட்டது. அணிக்கு 12 மாதத் தடை.

கேள்வி: என்னுடையது பிஎஸ்6 பிக்-அப். ஊட்டி ஏற்றத்தில் திணறுகிறது. வாய்ப்பக்கக் குழாயைப் பெரிதாக மாற்றலாமா?
– வாசகர், மேட்டுப்பாளையம்

பதில்: வேண்டாம். ஃபில்டருக்குப் பின்னால் காற்றை அளக்கும் சென்சார், அந்தக் குழாயின் விட்டத்தை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. குழாய் பெரிதானால் வருகிற காற்றைக் குறைவாகக் காட்டும். டீசலும் அதற்கேற்பக் குறையும். ஊட்டியில் காற்றழுத்தம் கீழே இருப்பதில் முக்கால் பங்கை ஒட்டித்தான் இருக்கும் என்பதால் கொஞ்சம் திணறுவது இயல்பே. அதற்குமேல் திணறினால், இன்டர்கூலர் (டர்போ அழுத்திய சூடான காற்றைக் குளிர்விக்கும் பாகம்) ஹோஸ் மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் பூசி, 1 பாருக்குள் காற்றடித்துக் கசிவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.